இந்துமதி எழுதின நாடகம்

ஜன்னலோரம் நீயே உக்காந்துக்கம்மா. டிக்கெட்டைப் பாத்தா அது என் சீட்டுதான். இருந்தாலும் எனக்கென்ன வந்துச்சு, காத்து யார் மேல பட்டா என்ன. நீ திருச்சியா? நான் விருதுநகர். சாயங்காலம் ஆயிரும். பையை மேல வைக்கணுமா? வேணாம், காலடியிலயே கிடக்கட்டும், அதுல முறுக்கு இருக்கு, நொறுங்கிரும்.

நான் இப்படி ரயில்ல முன்னப்பின்னத் தெரியாதவங்ககிட்ட வாயைத் திறக்கிற ஆள் இல்ல. வீட்டுலயே ரெண்டு வார்த்தை பேசினா அதிகம். ஆனா இன்னிக்கு யார்கிட்டயாவது சொல்லலைன்னா நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு. எங்க குடும்பத்துல ஒருத்தி என்னோட பொருளை எடுத்துட்டாம்மா. நகை நட்டு இல்ல. அதுன்னாக்கூட போலீசுக்குப் போகலாம். இது வேற. சொல்றேன் கேளு, நீயே நியாயத்தைச் சொல்லு.

இந்துமதின்னு பேரு. எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி, எனக்கு ஓர்ப்படியா. நான் மூத்த மருமக, அவ எளையவ. மெட்ராஸ்ல பிறந்து வளந்தவ. எம்.ஏ. படிச்சவ. கல்யாணமாகி விருதுநகர்ல எங்களோட ஒரே வீட்டுல மூணு வருசம் இருந்தா. அப்புறம் புருசனைக் கூட்டிக்கிட்டு மெட்ராசுக்கே வந்துட்டா. நான் ஒண்ணும் சொல்லல. போனா போறா, எனக்கென்ன வந்துச்சு. இங்க பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்து ரிட்டையர் ஆகி, இப்ப நாடகம் எழுதுறா. ஆமா, நாடகம். சபாவுல போடுறாங்க. பேப்பர்ல கூட அவ பேரு வந்துச்சு, கொழுந்தன் அதை போன்ல அனுப்பி வச்சாரு. எங்க வீட்டுக்காரர் அதை மண்டிக்கு வர்றவங்களுக்கெல்லாம் காட்டினாரு. வத்தல் மண்டி வச்சிருக்கோம். நான் முப்பத்தேழு வருசமா மண்டியாளுகளுக்குச் சோறாக்கிப் போடுறேன், அதை ஒரு பேப்பர்லயும் போடக் காணோம்.

கார்த்திகையிலயே போன் பண்ணிட்டா. "அக்கா, மார்கழிக்கு வாங்க. வெயில் இருக்காது. ஒரு நாள் பூரா ஊரைச் சுத்துவோம். சாயங்காலம் என் நாடகம் இருக்கு, நீங்க அவசியம் பாக்கணும்." நான் யோசிச்சேன். உடனே சொல்றா, "அக்கா, பொங்கல் முடிஞ்சு இதை நம்ம ஊர்ல போடக் கேக்குறாங்க. நீங்க பாத்துட்டு சரின்னு சொன்னாத்தான் போடுவேன். வேணாம்னா விட்டுருவேன்." எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம்தான். முப்பது வருசம் கழிச்சாவது மூத்தவளைக் கேக்கணும்னு தோணுச்சே. அவளே டிக்கெட் போட்டு அனுப்பினா. வந்தேன்.

நேத்துக் காலையில எந்திரிச்சு அடுப்பங்கரைக்குப் போறேன். யார் நிக்கிறாங்கன்னு நினைக்கிற? என் கொழுந்தன். காப்பி போட்டுக்கிட்டு இருக்காரு! பொண்டாட்டிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. அவ சோபாவுல உக்காந்துக்கிட்டே வாங்கிக் குடிக்கிறா, தேங்க்ஸுங்குறா. ரெண்டு பேரும் ஒரே தாய் வயித்துல பிறந்த ஆம்பளைகதான? எங்க வீட்டுல உள்ளவருக்குத் தண்ணிப் பானை எங்க இருக்குன்னே தெரியாது. நான் ஒண்ணும் சொல்லல. டம்ளரை மட்டும் வாங்கி, காப்பியை வேற ஒண்ணுல ஊத்திட்டு, கழுவி, திருப்பி ஊத்திக் குடிச்சேன். கழுவின டம்ளர்தான். இருந்தாலும் இன்னொருத்தர் கழுவுனது நம்ம கழுவுன மாதிரி வருமா? கொழுந்தன் சிரிச்சாரு. அவ சிரிக்கல. உத்துப் பாத்தா.

அவ கட்டியிருந்த சேலை கடுகுக் கலர்ல சிகப்புக் கரை. பருத்திதான், ஆனா என்ன ஒரு நெய்தல்! முந்தியை ரெண்டு விரலால தேச்சுப் பாத்தேன். சும்மாதான். கையில பட்டுச்சு, தேச்சேன். கழுத்துல எங்க மாமியாரோட ரெட்டை வடச் சங்கிலி. மூத்த மருமக நான் கல்லு மாதிரி இருக்கேன், சங்கிலி எளையவ கழுத்துல கிடக்கு. அந்தக் கதைக்கு வர்றேன்.

ஏழரைக்குக் கிளம்பினோம். லேசாப் பனி. அதுக்கே மெட்ராஸ்காரங்க தலையில குல்லா, கழுத்துல துண்டு. மயிலாப்பூர் மாட வீதியில நடந்தோம். வாசலுக்கு வாசல் கோலம். ஒவ்வொண்ணா நின்னு நிதானமாப் பாக்குறா. அவசரமே இல்ல. நான் ஒரு பகல் பூரா வேலையில்லாம நடந்ததே இல்லம்மா. நடந்தா கோயிலுக்கு, இல்ல ஆஸ்பத்திரிக்கு, இல்ல சாவு வீட்டுக்கு. சும்மா நடக்குறதுன்னா கையை எங்க வைக்கிறதுன்னே எனக்குத் தெரியல, அவ பையை வாங்கி நான் வச்சுக்கிட்டேன்.

போற வழியெல்லாம் அவளுக்கு வணக்கம். பூக்காரம்மா கூப்பிடுது. பழைய புஸ்தகம் விக்கிறவரு எந்திரிச்சு நிக்கிறாரு, "மேடம், இன்னிக்கு நாடகமா? வந்துடுறேன்." குளத்துப் பக்கம் ஒரு பையன் வண்டியை நிறுத்திட்டு வந்து, "மிஸ், என்னைத் தெரியுதா?"ன்னு அவ கையைப் பிடிச்சுக்கிட்டான். லஸ் முனைக்கு வர்றதுக்குள்ள பதினோரு பேர். நான் எண்ணிட்டேன். எங்க தெருவுலயும் என்னை எல்லாருக்கும் தெரியும். ஆனா எப்படித் தெரியும்? மண்டிக்காரர் வீட்டம்மா. என் பேரு தங்கபுஷ்பம்னு ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். இவளை இந்துமதி மேடம்னு தெருவே கூப்பிடுது. கூப்பிட்டா கூப்பிடட்டும், எனக்கென்ன வந்துச்சு. ஆனா பன்னெண்டாவது ஆள் வந்தப்ப நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அப்புறம் எழும்பூர் மியூசியம். அங்க ஐம்பொன் சிலையெல்லாம் வரிசையா நிக்குது. பூ இல்ல, விளக்கில்ல. எனக்குப் பாவமா இருந்துச்சு. கன்னத்துல போட்டுக்கிட்டு அஞ்சு நிமிசத்துல சுத்தி வந்துட்டேன். அவ என்னன்னா ஒரு அம்மன் சிலைக்கு முன்னால போய் உக்காந்தா. உக்காந்தவ உக்காந்தவதான். பேசல, போனைப் பாக்கல. கால் மணி நேரம். நான் பக்கத்துல உக்காந்து, வீட்டுல பாலை யாரு வாங்கி வச்சிருப்பாங்க, இவுக மாத்திரை போட்டாகளோன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். அவ முகத்தைப் பாத்தேன். ஒரு கவலை இல்ல. ஒரு மனுசிக்கு இப்படி உக்காந்திருக்கத் தெரியுது பாரேன்! சேலையை விடு, காப்பியை விடு, அந்தக் கால் மணி நேரந்தாம்மா எனக்குப் பொறாமையா... பொறாமைன்னு சொல்லக் கூடாது. ஒரு இது. வயித்துக்குள்ள ஒரு இது.

பதினோரு மணிக்கு பீச்சு. அந்நேரத்துக்கு பீச்சுல உக்காந்தா வெயில் சுடவே இல்ல, நம்பவே முடியல. அவ சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு அலையில நின்னா, சின்னப் பிள்ளை கணக்கா. "வாங்கக்கா"ங்குறா. செருப்பைப் பாத்துக்க ஆள் வேணும்ல? நான் கரையிலயே உக்காந்துட்டேன். அங்க நின்னுக்கிட்டே திரும்பிக் கேட்டா, "அக்கா, என் மேல உங்களுக்கு ஏதாவது மனக்குறை இருக்கா?" இது என்ன கேள்வி? "எனக்கென்ன வந்துச்சு, உன் மேல எனக்கு என்ன குறை"ன்னு சொன்னேன். அவ அலையைப் பாத்துத் திரும்பிக்கிட்டா.

மத்தியானம் சபா கேன்டீன்ல இலைச் சாப்பாடு. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பரிமாறுற ஆளு இவளுக்கு ரெண்டு அப்பளம் வச்சான், எனக்கு ஒண்ணு. தெரிஞ்ச ஆளாம். "எனக்கும் ஒண்ணு வைப்பா"ன்னு கேக்க எனக்கு வாய் வராது. அவ அதைக் கண்டுபிடிச்சு தன்னோடதுல ஒண்ணை எடுத்து என் இலையில வச்சா. அதான் அவகிட்ட எனக்குப் பிடிக்காதது. நம்ம நினைக்கிறதை எப்படித்தான் பாக்குறாளோ.

நாலரைக்கு நாடகம். 'ரெண்டு அடுப்பு'ன்னு பேரு. சின்ன ஹால், முன்னூறு பேர் இருக்கும், பாதிப் பேர் என் வயசுக்கு மேல. என்னை மூணாவது வரிசையில உக்கார வச்சுட்டு, அவ என் பக்கத்துல உக்காரல. ஓரமாக் கதவுகிட்டப் போய் நின்னுக்கிட்டா. எழுதினவளுக்குப் படபடப்பு இருக்கும்னு நினைச்சேன். ஆனா நான் எப்பத் திரும்புனாலும் அவ மேடையைப் பாக்கல. என்னையே பாத்துக்கிட்டிருக்கா.

கதை இதுதான். ஒரு வீடு, ரெண்டு மருமக. மூத்தவ பேரு சிவகாமி, எளையவ பேரு நளினா. மூத்தவ பொறுமை. படிச்சவ, அதிகமாப் பேச மாட்டா. எளையவ இருக்காளே, வாயாடி. வயித்தெரிச்சல் பிடிச்சவ. மூத்தவ என்ன கட்டினாலும் என்ன தின்னாலும் அவளுக்குத் தாங்காது. திரை தூக்கின அஞ்சு நிமிசத்துல எனக்குப் புரிஞ்சு போச்சு. இது எங்க வீட்டுக் கதை! அந்தப் பொறுமைசாலி மூத்தவ நானு. எளையவ இவ. அடிப் பாவி, தன்னைப் பத்தித் தானே இப்படி எழுதி வச்சிருக்காளே, பெரிய மனசுதான்னு நினைச்சேன். காலையில இருந்து வயித்துல இருந்ததெல்லாம் இறங்கிப் போச்சு. நல்லாச் சாஞ்சு உக்காந்தேன்.

என்ன சிரிப்பும்மா! அந்த நளினாவா நடிச்ச பொண்ணு வர்றா, மூத்தவ குடுத்த டம்ளரை வாங்கி, கழுவின டம்ளரைத் திரும்பக் கழுவுறா. சபை சிரிக்குது. மூத்தவ புதுச்சேலை கட்டிக்கிட்டு வந்தா, பேசிக்கிட்டே கிட்ட வந்து முந்தியை விரலால தேச்சுப் பாக்குறா. சபை கைதட்டுது. சாப்பிட உக்காந்தா அப்பளத்தை எண்ணுறா. நான் பக்கத்து சீட்டு அம்மாகிட்டச் சொன்னேன், "அப்படியே என் ஓர்ப்படியாம்மா! எழுதினாளே, அவளேதான்!"னு. இந்துவும் ஒரு தடவை கோயில் விசேசத்துல எத்தனை அப்பளம் பொரிக்கணும்னு எண்ணியிருக்கா, நான் பாத்திருக்கேன்.

எல்லாத்தையும் விட ஒண்ணு. அந்தப் பொண்ணு ஒவ்வொரு குறையைச் சொல்றப்பவும் முதல்ல கையை விரிச்சு, "எனக்கென்ன வந்துச்சு"ன்னு ஆரம்பிக்கிறா. முதல் தடவை நாலு பேர் சிரிச்சாங்க. ரெண்டாவது தடவை பாதிச் சபை. ஆறாவது தடவை அவ கையை விரிச்சதுமே, வாயைத் திறக்குறதுக்குள்ள, முன்னூறு பேரும் சேந்து "எனக்கென்ன வந்துச்சு"ங்குறாங்க! நானும் சத்தமாச் சொன்னேன். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சேன். இந்து எப்பவும் அப்படித்தான் பேசுவா. எப்பன்னு கேட்டா இப்ப ஞாபகம் வரல, ஆனா பேசுவா.

அப்புறம் நாடகம் மாறிப் போச்சு.

மூத்தவளுக்கு ஆறாம் மாசத்துல குழந்தை தங்காமப் போயிருது. ஆஸ்பத்திரியில இருந்து வந்த எட்டாம் நாள், மாமியார்க்காரி சொல்றா, "இந்த மாசம் தண்ணி உன் முறை. படுத்தே கிடந்தா ஆச்சா?" எனக்குத் திக்குன்னுச்சு. எனக்கு அப்படி ஒண்ணும் நடக்கலையே. என் மூணு பிள்ளையும் நல்லபடியாப் பிறந்துச்சு. அது நடந்தது இந்துவுக்கு. எங்க வீட்டுல தண்ணி பிடிக்கிறதுக்கு மாசம் ஒருத்தி முறை. அப்பல்லாம் தெருக்குழாய்ல விடியக்காலம் நாலரைக்குத் தண்ணி வரும், ஒரு மணி நேரந்தான். பதினெட்டுக் குடம் தூக்கினாத்தான் தொட்டி நிறையும். அந்த மாசம் இந்து முறை.

சரி, மாத்தி எழுதியிருக்கா, கதைதானன்னு உக்காந்திருந்தேன். மேடையில விளக்கு மங்கலாச்சு. மூத்தவ பாயில படுத்திருக்கா. அந்த நளினா, அந்த வயித்தெரிச்சல் பிடிச்சவ, மெதுவா எந்திரிச்சு, குடத்தை எடுத்துக்கிட்டு, வெளிய போறா. தூக்கிட்டு வர்றா, ஊத்துறா. போறா, வர்றா. ஒரு வார்த்தை இல்ல. ஒண்ணு, ரெண்டு, மூணு... பதினெட்டுத் தடவையும் நடக்குறா. பத்தாவது குடத்துல சபையில இருமல் சத்தம் கூட இல்ல. 

ஏம்மா, அது நான் செஞ்சதும்மா!

நான் தூக்கின குடம். முப்பது நாளும் நான் தூக்கினேன். அடுத்த மாசம் என் முறை, ஆக அறுபது நாள். பாவம்னெல்லாம் நினைச்சுச் செய்யல. பச்சை உடம்பு, குழாயடியில வழுக்கி விழுந்து வச்சான்னா யார் பாக்குறது? எங்க மாமியார் ஆறு மணிக்கு எந்திரிச்சு தொட்டியைப் பாப்பாக. நிறைஞ்சிருக்கும். "எளையவ பிடிச்சாளா?"ம்பாக. "ஆமா அத்தை"ம்பேன். நான்னு சொன்னா, மறுநாள் அவளைத் தட்டி எழுப்பி அனுப்பிருவாக. அந்தப் பொய்யினால எனக்கு என்ன கிடைச்சுச்சு தெரியுமா? "எளையவளைப் பாரு, பச்சை உடம்போட பதினெட்டுக் குடம் தூக்குறா. நீயும் இருக்கியே"ன்னு தெருவே கேக்குற மாதிரிச் சொன்னாக. சாகுறதுக்கு முன்னால அந்த ரெட்டை வடச் சங்கிலியைக் கழட்டி, "கஷ்டத்துலயும் முறை தவறாதவ"ன்னு சொல்லி அவ கழுத்துல போட்டாக. நான் பக்கத்துலதான் நின்னேன். அவ தூங்கிக்கிட்டிருந்தா, அவளுக்கு என்ன தெரியும்னு அன்னிக்கு மனசைத் தேத்திக்கிட்டேன். தேத்திக்கிட்டேனே தவிர, அன்னியில இருந்து அவ என்ன கட்டினாலும் எனக்குக் கண்ணு உறுத்துச்சு. உள்ளதைச் சொல்றேன்.

அப்ப மேடையில, படுத்திருந்த மூத்தவ எந்திரிச்சு உக்காந்து, சபையைப் பாத்துச் சொல்றா: "நான் முழிச்சுத்தான் இருந்தேன். முப்பது நாளும் முழிச்சுத்தான் இருந்தேன்."

அவ்வளவுதான். திரை விழுந்துருச்சு. எல்லாரும் எந்திரிச்சு நின்னு கைதட்டுறாங்க. நான் மட்டும் உக்காந்திருந்தேன். முழிச்சிருந்துட்டுத்தானா சங்கிலியை வாங்கிக்கிட்டா? முழிச்சிருந்துட்டுத்தானா எங்க மாமியார் என்னைப் பேசினப்ப வாயை மூடிக்கிட்டு நின்னா? திரும்பிக் கதவைப் பாத்தேன். இந்து அங்கயேதான் நிக்கிறா. முகத்தைப் பொத்திக்கிட்டு நிக்கிறா.

நடிச்சவங்க பேரையெல்லாம் மைக்கில சொன்னாங்க. அப்புறம் அந்த நளினாவா நடிச்ச பொண்ணு, அகிலான்னு பேராம், அரிதாரத்தோடயே நேரா என்கிட்ட ஓடி வந்து கால்ல விழுந்துச்சு. "அம்மா, உங்களைத்தான் பாக்கணும்னு காத்திருந்தேன். உங்க பொண்ணு கல்யாண வீடியோவைப் போட்டுப் போட்டுப் பாத்துத்தான் நடக்கப் பழகினேன். சரியா வந்துச்சாம்மா?" அப்படிங்குது. எனக்கு வலது முட்டி வலி, சாய்ச்சுச் சாய்ச்சு நடப்பேன். ஆமா, அந்தப் பொண்ணும் மேடையில அப்படித்தான் நடந்துச்சு. நான் கவனிக்கவே இல்ல. பக்கத்து சீட்டு அம்மா என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டு, கைப்பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

ஆட்டோவுல வர்றப்ப இந்து சங்கிலியைக் கழட்டி என் மடியில வச்சா. "இது உங்களுதுக்கா. அன்னிக்கே சொல்லியிருக்கணும். அத்தை வாழ்க்கையில ஒரே ஒரு தடவை என்னை நல்லவள்னு சொன்னாங்க. அதை விட்டுக்குடுக்க மனசு வரல. அப்புறம் வருசம் ஓடிப் போச்சு, சொல்ல வெக்கமாயிருச்சு. அதான் எழுதினேன்." நான் எடுத்து அவ கழுத்துலயே போட்டு விட்டேன். "உன் கழுத்துலயே கிடக்கட்டும், எனக்கென்ன வந்துச்சு." அப்படிச் சொன்னதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பாத்தாரு, அவரும் நாடகத்துக்கு வந்திருப்பாரு போல. வீட்டுக்கு வந்து படுத்தப்புறம், வாங்கியிருக்கலாமோன்னு இருந்துச்சு. மூணு பவுன்.

"நம்ம ஊர்ல போடவாக்கா?"ன்னு கேட்டா. "யோசிச்சுச் சொல்றேன்"னுட்டேன். இன்னிக்குக் காலையில ஸ்டேசனுக்கு வந்து விட்டா. ரயில் நகந்தப்ப ஜன்னலோட கூடவே நடந்து வந்தா. வாயைத் திறந்து கேக்கல. பாத்துக்கிட்டே வந்தா.

இதாம்மா என் வழக்கு. என் நடையை எடுத்துட்டா, என் குடத்தை எடுத்துட்டா, எடுத்துக் கொண்டுபோய் தன்னை மாதிரி ஒருத்திக்குக் குடுத்துட்டா. நான் வாழ்க்கையில யாருக்கும் தெரியாம ஒண்ணே ஒண்ணு செஞ்சேன். அது கூட அவ நாடகத்துல அந்த வயித்தெரிச்சல் பிடிச்சவ பேர்ல போயிருச்சு. இது நியாயமா? நீயே சொல்லு.

என்ன?

என்ன கேக்குற? குடம் தூக்கினது நான்னா, டம்ளர் கழுவுனது யாருன்னு கேக்குறியா?

...

பேசாம வர்றேன்னு பாக்குறியா? செங்கல்பட்டும் போச்சு, விழுப்புரமும் வரப் போகுது. நீ கேட்டுட்டு போனைப் பாக்க ஆரம்பிச்சுட்ட. நான் இங்க உக்காந்து கணக்குப் பாத்துக்கிட்டு வர்றேன். குழந்தை போனது மூத்தவளுக்கு. படிச்சவ மூத்தவ. பொறுமையா இருக்குறவ மூத்தவ. அப்ப அந்த மூத்தவ நான் இல்ல. இந்துதான். ஊர் பாக்கப் போற நாடகத்துல என்னை யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு, மூத்தவளை எளையவளாக்கி, எளையவளை மூத்தவளாக்கி வச்சிருக்கா. நான் கூடக் கண்டுபிடிக்கல. முன்னூறு பேரோட சேந்து நானே என்னைப் பாத்துச் சிரிச்சிருக்கேன், சத்தமா.

ஏம்மா, நான் அப்படியா பேசுறேன்? நிசமாச் சொல்லு. தாம்பரத்துல இருந்து கேட்டுக்கிட்டு வர்றியே. எத்தனை தடவை சொன்னேன்? ...சரி, சரி, விரலை மடக்காத. விடு.

நான் வேணாம்னு சொன்னா விட்டுருவா. அவ வார்த்தை மாற மாட்டா. எங்க ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. மதினிமாரு சிரிக்க மாட்டாளுக. ஆனா அந்தப் பதினெட்டுக் குடமும் யாருக்கும் தெரியாது. செத்தாலும் தெரியாது. குடம் என்னோடதுன்னு சொன்னா, அந்த வாயும் என்னோடதுன்னு சொல்லணும். ரெண்டையும் சேத்துத்தான் தர்றா அவ. ஒண்ணை மட்டும் எடுத்துக்க வழியில்லாம எழுதியிருக்கா பாரு, கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பாத்தாத்தான் எனக்கு இன்னமும் எரியுது. நான் எழுதியிருந்தா மாமியாரைத்தான் நல்லாக் கிழிச்சிருப்பேன்.

அந்தச் சின்னப் பையில நோட்டு இருக்கு, எடு. முதல் பக்கத்துல இந்துன்னு எழுதியிருக்கும், அந்த நம்பரை என் போன்ல போட்டுக் குடும்மா. கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல. ம், மணி அடிக்குது.

இந்து? நான்தான். ஆங், ஏறி உக்காந்து சாப்பிட்டாச்சு. எலுமிச்சஞ்சாதத்துல உப்புக் கம்மி. அது கிடக்கட்டும். நாடகத்தை நம்ம ஊர்ல போடு. ...கேக்குதா? போடுங்குறேன். ...இரு, அழாத, நான் இன்னும் முடிக்கல. அந்த நளினாவை எளையவளா வைக்காத. மூத்தவளாவே வை. சிரிக்கிறவுக சிரிச்சுட்டுப் போறாக. எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ ஒண்ணும் முந்திரிக்கொட்டையா போன் பண்ணாத. அப்புறம் இன்னொண்ணு. அந்த அகிலாப் பொண்ணு வெறும் குடத்தைத் தூக்கிட்டு வருது. இடுப்பு வளையல, மூச்சு வாங்கல, மூணாவது வரிசைக்கே தெரியுது. நான் என்ன வெறும் குடமா தூக்கினேன்? தண்ணி ஊத்தித் தூக்கச் சொல்லு. பதினெட்டும்.